பழைய துப்பாக்கியும் பஞ்சமாகிப்போன தோட்டாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தம்மிடமிருந்த பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கியைக் காட்டினார். "துப்பாக்கியை நூறு டாலருக்குள் வாங்கினேன். இன்று அதற்கு ஒரு டின் தோட்டா வாங்கப் பல மடங்கு பணம் வேண்டியிருக்கிறது, அதுவும் கிடைத்தால்தான்" என்று வருந்தினார். போருக்காகக் கோடிக்கணக்கில் செய்து குவித்த பொருள் எப்படித் தட்டுப்பாடு ஆகும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர் காட்டியது மோசின் நாகாந்த் துப்பாக்கியாகத்தான் இருக்க வேண்டும். 1891-இல் ஜார் மன்னரின் படை ஏற்றுக்கொண்டு, இரண்டு உலகப் போர்களிலும் ரஷ்யச் சிப்பாயின் தோளில் தொங்கிய துப்பாக்கி அது. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு, கிரீஸ் பூசிக் கிடங்குகளில் அடுக்கி வைத்திருந்த துப்பாக்கிகளும் அவற்றுக்கான தோட்டாக்களும் கப்பல் கப்பலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்து சேர்ந்தன.

அந்தத் தோட்டா டின்னைப் பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பச்சை வண்ணம் பூசி, காற்றுப் புகாமல் எல்லாப் பக்கமும் அடைத்த தகர டின் அது. மூடி என்று தனியாக எதுவும் கிடையாது. மரப்பெட்டியோடு வரும் தடித்த திறப்பானைக் குத்தி, ஓரத்தை நெம்பி நெம்பித்தான் அறுக்க வேண்டும். உள்ளே பழுப்புத் தாளில் இருபது இருபதாகச் சுற்றிய 22 பொட்டலங்கள், ஆகமொத்தம் 440 தோட்டாக்கள் இருக்கும். இப்படி இரண்டு டின்கள் சேர்ந்தது ஒரு மரப்பெட்டி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு டின் ஏறக்குறைய அந்தத் துப்பாக்கியின் விலைக்கே கிடைத்தது. இன்று புதிதாகத் தயாரிக்கும் அதே வகைத் தோட்டா ஒன்றுக்கே ஒரு டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டியிருக்கிறது. 440-ஆல் பெருக்கிப் பாருங்கள், பெரியவரின் வருத்தம் விளங்கிவிடும்.

ஆனால் அவர் அன்று கொடுத்ததைத் தோட்டாவின் விலை என்று சொல்வதே தவறு என்பது என் கருத்து. உலோகம், ஈயம், வெடிமருந்து, தொழிலாளியின் கூலி ஆகிய எல்லாச் செலவையும் சோவியத் அரசு எப்போதோ ஏற்று முடித்துவிட்டது. வாங்கியவர் கொடுத்தது கிடங்கைக் காலி செய்யும் விலையும், கப்பல் கூலியும், வியாபாரியின் லாபமும்தான். மூதாதையர் சேர்த்த நெல்லைக் குதிரிலிருந்து அள்ளி உண்ணும்வரை விளைச்சலின் செலவு யாருக்கும் உறைப்பதில்லை; குதிர் காலியானதும் சந்தை விலை முகத்தில் அறைகிறது. இங்கே நடந்ததும் அதுதான்.

குதிர் காலியானதற்குச் சுட்டுத் தீர்த்தது மட்டும் காரணமில்லை. சீனாவிலிருந்து தோட்டா வரும் வழி 1994-இலேயே அமெரிக்காவில் அடைபட்டது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு நஞ்சு கொடுக்கப்பட்டதை அடுத்து, ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி உரிமம் தருவதில்லை என்று அமெரிக்க அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது; அது செப்டம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. பெருந்தொற்று தொடங்கிய 2020 முதலே அமெரிக்கர்கள் எல்லா வகைத் தோட்டாக்களையும் அள்ளிக்கொண்டிருந்த நேரம் அது.

அதன்பின் 2022-இல் உக்ரைன் போர் வந்தது. மோசின் நாகாந்த் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டாலும் அதன் தோட்டா ஓய்வு பெறவே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1891-இன் அதே விளிம்பு வைத்த தோட்டாவைத்தான் பி.கே.எம். இயந்திரத் துப்பாக்கியும் திராகுனோவ் குறிசுடும் துப்பாக்கியும் இன்றும் சுடுகின்றன. உக்ரைன் வீரர்கள் கிடங்கிலிருந்து எடுத்து வந்து நிறுத்திய நூறாண்டுப் பழைய மாக்சிம் துப்பாக்கியும் அதையேதான் சுடுகிறது. பெரியவர் வார இறுதியில் இலக்குப் பலகையைச் சுட விரும்பும் தோட்டாவைப் போர்முனையில் ஓர் இயந்திரத் துப்பாக்கி ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கில் விழுங்குகிறது. கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகளில் எஞ்சியிருந்தது எங்கே போயிருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விற்காமல் அழிக்கப்பட்ட இருப்பும் மிகப் பெரிது. அதையும் பாதுகாப்பாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அல்பேனியா சாட்சி. தலைநகர் திரானாவுக்கு அருகே கெர்தெக் என்ற ஊரில், பழைய ராணுவ வெடிபொருள்களைப் பிரித்து உலோகம் எடுத்துக்கொண்டிருந்த இடம் 2008 மார்ச் 15 அன்று வெடித்தது; 26 பேர் இறந்தார்கள். மலிவுத் தோட்டாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த ஊர் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கேள்வி: பழைய தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கிக் குழல் துருப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா? சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் செலவைக் குறைக்க முடியாதா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்மைதான். அக்காலத்துத் தோட்டாக்களின் அடியில் தீப்பொறி எழுப்பும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகிக் குழலுக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரையோர வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

மறுபடி நிரப்புவது இந்த வகைத் தோட்டாவில் பெரும்பாலும் பலிப்பதில்லை. கிழக்கு ஐரோப்பிய ராணுவக் கூடுகள் பெரும்பாலும் எஃகாலானவை. பிரைமரும் பெர்டான் என்னும் முறையில் பொருத்தப்பட்டது. கூட்டின் அடியில் நடுவே ஒரு துளை இருந்தால் உள்ளிருந்து ஊசியால் தட்டிப் பழைய பிரைமரை வெளியேற்றிவிடலாம். பெர்டான் கூட்டிலோ ஓரமாக இரண்டு சிறு துளைகள் இருப்பதால் ஊசி நுழையாது. மோசின் நாகாந்துக்குப் பொருந்தாது என்றாலும், பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளுக்கென்று பித்தளைக் கூடும் நடுத்துளையும் கொண்டு வந்த கிரேக்க நாட்டு எச்.எக்ஸ்.பி. முத்திரைத் தோட்டாக்களை விவரம் தெரிந்தவர்கள் தேடித் தேடி வாங்கியது அதனால்தான். அவையும் இன்று அரிதாகிவிட்டன.

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஐந்து த்ரீ நாட் த்ரீ (.303) தோட்டாக்கள் கிடைத்தன. இவற்றுக்கு மதிப்பு உண்டா? பாலிஷ் போட்டு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: த்ரீ நாட் த்ரீ என்றதும் கல்லூரி நாளின் என்.சி.சி. முகாம் என் கண்முன் வந்து நிற்கிறது. ஐந்து ரவைகளைச் செருகிய கிளிப்பைத் துப்பாக்கியின் மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் அமைந்திருக்காவிட்டால் சிக்கிக்கொள்ளும். சுட்டு முடித்ததும் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக்கை கொடுக்காமல் எவரும் களத்தைவிட்டு நகர முடியாது. ஒரு கூடு குறைந்தால் புல்லை விலக்கி விலக்கி எல்லோரும் தேடுவோம். அந்தக் கண்டிப்பை நான் இன்றும் மதிக்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் .303 தடைசெய்யப்பட்ட ரகம்; தனியாருக்கு உரியதன்று. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேய அரசு கருதியதால்தான், உரிமம் பெற்றவர்களுக்கு .315 என்ற வேறு அளவு வழக்கத்துக்கு வந்து இன்றும் நீடிக்கிறது. ஆகவே அமெரிக்காவைப் போல .303 தோட்டாவுக்கு இங்கே சந்தை விலை என்று ஒன்று இல்லை. உரிமமின்றி உயிருள்ள தோட்டா ஒன்றை வைத்திருப்பதே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தைக் காட்டிலும் எனக்கு உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பே கவலை தருகிறது. எண்பது ஆண்டு வெயிலையும் மழைக்கால ஈரத்தையும் கண்ட வெடிமருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பாலிஷ் போடாதீர்கள், உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிவிடலாம் என்று இடுக்கியை எடுக்காதீர்கள், பழைய இரும்புக் கடைக்கும் கொடுக்காதீர்கள். ராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்தில் 2018 ஜூனில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் வெளிப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அங்கே வேலை நிறுத்தப்பட்டுக் காவல்துறைக்குத் தகவல் போனது. நீங்களும் அதையே செய்யுங்கள். தோட்டாக்களைக் கையில் எடுத்துச் செல்லாமல், குழந்தைகள் நெருங்காதபடி பெட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தாத்தா ராணுவத்தில் இருந்ததற்கான சான்றிதழோ பதக்கமோ இருந்தால் உடன் காட்டுங்கள். தோட்டாக்களை ஒப்படைத்ததற்கு எழுத்து மூலம் ஒப்புகை பெற்றுக்கொள்ள மறக்காதீர்கள்.