மருத்துவர் பதில்: பித்தக்குழாய் ஸ்டென்ட்டை எடுக்காமல் அப்படியே விடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. உசிலம்பட்டி பக்கம் விவசாயம் பார்க்கிறார். தை மாதம் மஞ்சள் காமாலை வந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது, பித்தக்குழாயில் கல் இருக்கிறது என்று சொல்லி, வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு, பித்தம் வடிவதற்காக பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். கல் பெரிதாக இருப்பதால் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ‘அழகர் ஆத்துல இறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்றார் அப்பா. அதற்குப் பிறகு தங்கை கல்யாணம். இப்போது ஆவணியே வந்துவிட்டது. காமாலை இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், தோட்டத்துக்கும் போகிறார். போன வாரம் மட்டும் இரண்டு நாள் குளிர்காய்ச்சல். ஊர் டாக்டர் ஊசி போட்டதும் விட்டுவிட்டது. முதல் தடவை ஸ்டென்ட் வைத்த அன்று ராத்திரி வயிற்றுவலி வந்து நாலு நாள் சாப்பிடாமல் கிடந்ததால், மறுபடி வரமாட்டேன் என்கிறார். அப்படியே விட்டால் என்ன ஆகும்? சொந்தத்தில் ஒருவருக்கு மெட்டல் ஸ்டென்ட் வைத்தார்கள். அதை வைத்துவிட்டால் மாற்றவே வேண்டாமாமே?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: போன வாரத்துக் குளிர்காய்ச்சலைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஸ்டென்ட் உள்ள ஒருவருக்கு உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை, ஸ்டென்ட் அடைத்துப் பித்தக்குழாயில் கிருமி ஏறிவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். ஊசி கிருமியை அடக்கும், அடைப்பை எடுக்காது. மருந்தின் வேகம் இறங்கியதும் காய்ச்சல் திரும்பும். அடுத்த முறை ஊசிக்கு அடங்காமலும் போகலாம். எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கட்டம் தாண்டிவிட்டது. இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, அப்பாவைக் கூட்டிப்போங்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், அப்பாவிடமும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக வைக்கும் பெரிய அளவு பிளாஸ்டிக் ஸ்டென்ட்டே சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். உள்துவாரம் அதைவிடக் குறுகல். அதன் ஒரு முனை பித்தக்குழாய்க்குள், மறுமுனை முன்சிறுகுடலில் நீட்டிக்கொண்டிருக்கும். குடலில் இருக்கும் பாக்டீரியா அந்த வழியாக மேலே ஏறி, குழாயின் உள்சுவரில் வழுவழுவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பித்தத்தின் கசடு படியும். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் பாசி பிடித்து அடைக்கிற கதையேதான். நாள் கடந்த ஸ்டென்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், வைத்தபோது இருந்த நிறமே தெரியாது. கரும்பச்சையும் கருப்புமாக, இரு முனைகளிலும் சேறு அப்பியது போல இருக்கும். கம்பியை உள்ளே விட்டால் நுழையாது. இந்த அடைப்பு பெரும்பாலும் மூன்று மாதத்தை ஒட்டி ஆரம்பிப்பதால்தான் மூன்று மாதக் கெடு கொடுக்கிறார்கள். கீரை சாப்பிட்டதால் அடைத்தது, கறி சாப்பிட்டதால் அடைத்தது என்று வீட்டில் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

அப்படியானால் காமாலை ஏன் வரவில்லை? கல் உள்ளவர்களுக்கு ஸ்டென்ட் அடைத்த பிறகும் அதன் பக்கவாட்டில் கொஞ்சம் பித்தம் கசிந்து இறங்கிக்கொண்டிருக்கும். கண் வெள்ளையாக இருக்கும், பசி எடுக்கும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களை ஏமாற்றுவது இந்தத் தெம்புதான். இரத்தத்தில் பிலிருபின் (காமாலையைக் காட்டும் மஞ்சள் நிறமி) அளவு சரியாக இருந்தாலும் அடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. பல நேரம் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதிதான் கல்லீரல் பரிசோதனையில் முதலில் ஏறும்.

இன்னும் மாதக்கணக்கில் விட்டால், ஸ்டென்ட்டைச் சுற்றியே புதிதாகக் கல் கட்டும். அப்போது பத்து நிமிடத்தில் உருவி எடுக்க வேண்டியது பெரிய வேலையாகிவிடும். சிலருக்கு ஸ்டென்ட் இடம் நகரும். கீழே நகர்ந்தால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். அபூர்வமாகக் குடலில் குத்தி ஓட்டை போடுவதும் உண்டு. மேலே நகர்ந்தால் பித்தக்குழாய்க்குள் மறைந்துவிடும், தேடிப்பிடித்து எடுக்க வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கிருமிக்குத்தான். பித்தக்குழாயில் அழுத்தம் ஏறினால் கிருமி நேரே இரத்தத்துக்குள் போகும்.

மறுபடி நடுக்கக் காய்ச்சல், கண் மஞ்சள், வலது மேல்வயிற்றில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் ஊர் ஊசிக்காகக் காத்திருக்காதீர்கள். பேச்சு குழறுவது, அரைத்தூக்கமாகக் கிடப்பது, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது எல்லாம் உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதும் உண்டு. ராத்திரியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலேயே முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பலாம். எல்லா மருத்துவமனையிலும் இந்த எண்டோஸ்கோப்பி வசதி இருக்காது. அதனால் எங்கே போகப்போகிறீர்கள் என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பாவின் பயம். அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ராத்திரி வந்த வலி அநேகமாகக் கணைய அழற்சி. பித்தக்குழாயும் கணையக்குழாயும் சிறுகுடலில் ஒரே வாசலில் திறப்பதால், வாசலைத் தொடும்போது கணையம் வீங்கிக்கொள்வதுண்டு. இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் சிக்கலே அதுதான். நூறு பேரில் ஏறத்தாழ நான்கு முதல் பத்து பேருக்கு வரலாம், பெரும்பாலோருக்குச் சில நாள் பட்டினியிலும் சலைனிலும் சரியாகிவிடும். வழியை அகலப்படுத்த இந்த வாசலைக் கொஞ்சம் வெட்டுவதுண்டு; வெட்டிய இடத்தில் இரத்தக்கசிவு நூறில் ஓரிருவருக்கு வரும். குடலில் துளை விழுவது நூறில் ஒருவருக்கும் குறைவு.

ஒருமுறை கணையம் வீங்கியவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. அதே சமயம், முதல் தடவை வாசலை வெட்டி அகலப்படுத்தியிருந்தால், இந்தத் தடவை வழி தேடித் துழாவ வேண்டியிருக்காது. அது பெரிய அனுகூலம். முன்பு வலி வந்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் மருந்து இந்த வீக்கத்தைக் குறைக்கும். சிறுநீரகக் கோளாறோ அல்சரோ இல்லையென்றால் வைப்பார்கள். அப்பாவிடம் நீங்கள் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்: அந்த வலி ஒருவேளை வரலாம், கிருமி ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டது.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். எந்த ஸ்டென்ட், என்ன நீளம், வாசலை வெட்டினார்களா, கல் எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் அதில் இருக்கும். முதல்முறை பார்த்த டாக்டரிடமே போவது நல்லது. செலவுதான் தடை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குடல்நோய்ப் பிரிவு இருக்கிறது, முதல்வர் காப்பீட்டு அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் பரிசோதனை, வெள்ளையணு எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், இரத்தம் உறையும் நேரம், ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பித்தக்குழாயில் காற்று’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது இருப்பது இயல்பு. இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ (இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மாத்திரைகள்) சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரையை அன்று காலை போடலாமா என்றும் கேளுங்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவே யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். கீழாநெல்லியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அடைத்த குழாயை எந்த இலையும் திறக்காது. அதில் ஒரு வாரம் போய்விடும், அந்த ஒரு வாரம்தான் நம்மிடம் இல்லை.

மெட்டல் ஸ்டென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கம்பி வலையால் ஆன குழாய். விரிந்தால் பத்து மில்லிமீட்டர்வரை அகலம் என்பதால் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. ஆனால் பெரும்பாலும் புற்றுநோய் அடைப்புக்கே வைக்கிறோம். உறையில்லாத வகையைப் பின்னால் எடுக்க முடியாது, கட்டி வலைக்கண் வழியாக உள்ளே வளரவும் செய்யும். உறை போட்ட வகை நகரக்கூடும். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது நீண்ட நாள் தாங்கும் ஸ்டென்ட் அல்ல, கல்லை எடுப்பது. கிருமி அடங்கியதும் பலூனால் வாசலை விரித்தோ, உள்ளேயே கல்லை உடைத்தோ எடுத்துவிடலாம். ஒரே தடவையில் முடியாவிட்டால் இன்னொரு ஸ்டென்ட் வைத்து அனுப்புவார்கள். அப்படி வைத்தால், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டுதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

பித்தப்பை இன்னும் உள்ளே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, அதிலும் கல் இருந்தால், குழாயைச் சுத்தம் செய்த கையோடு லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) மூலம் அதை எடுப்பது பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதிலிருந்து மறுபடி கல் இறங்கும்.