ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்பாகமான பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் இந்தக் கேஸ்கட். அது தானாகப் போவது குறைவு. பெரும்பாலும் எஞ்சின் ஒருமுறை நன்றாகக் கொதித்திருக்கும். அது ஏன் கொதித்தது, அந்தச் சூட்டில் ஹெட் என்ன ஆனது என்று பார்க்காமல் புது கேஸ்கட் போட்டுப் பூட்டினால் வண்டி மறுபடி பட்டறைக்குத்தான் வரும். நான் எஞ்சின் வேலை செய்கிறவன். எங்களிடம் இந்தப் புகாரோடு வரும் வண்டிகளில் பல, ஏற்கெனவே வேறெங்கோ பிரித்துப் பூட்டியவை.

முதலில் கேஸ்கட்தானா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் கோத்து அப்படி ஆவதுண்டு. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வருகிறதா, வெளியே எங்கும் ஒழுகாமலேயே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விறைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் சந்தேகம் என்றால் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்துச் சோதிக்கலாம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாகிவிடும்.

ஹெட்டை இறக்கியதும்தான் முக்கியமான வேலை. இப்போதைய கார்களில் ஹெட் அலுமினியம். பல எஞ்சின்களில் கீழே பிளாக் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய வழியில்லாமல் ஹெட் வளைகிறது. கண்ணுக்கு இது தெரியாது. நேர்பட்டையை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மி.மீ.தான் எல்லை, உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவே கணக்கு. தாண்டினால் லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட, அதாவது பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். அதற்கு முன் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேசிங் போடுவது வீண் செலவு.

பிளாக்கின் மேல்பரப்பைச் சுத்தம் செய்ய கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அந்தப் பொடி ஆயில் வழியாக பேரிங்குக்குப் போய் அதைத் தின்றுவிடும். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். அடியில் திரவம் நின்றால் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) காட்டும் அளவு பொய். பிளாக்கே விரிசல் விடவும் கூடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொன்ன வரிசையில், படிப்படியாக முறுக்க வேண்டும். கடைசியில் டிகிரி கணக்கில் திருப்பும் வகை போல்ட் என்றால் பெரும்பாலும் ஒருமுறைதான், புதிது வாங்குங்கள். கேஸ்கட் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்குதான், கூலியும் லேத்துமே அதிகம். அதனால் போல்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சரி, ஏன் கொதித்தது? நம்ம ஊரில் இரண்டு பழக்கங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவது. உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், அலுமினியமும் அரித்துப் போகும். இரண்டாவது, வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது சூட்டை ஒரே நிலையில் வைக்கும் பொருள், தடை அல்ல. ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 1 பார் அழுத்தம் தாங்கினால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்துப்போனால் 100-லேயே பொங்கும். ஃபேன், வாட்டர் பம்ப்பும் சோதனையில் சேரட்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது எப்படியும் கழன்றிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

பூட்டியதும் ஆயிலும் ஃபில்டரும் புதிது. தண்ணீர் கலந்திருந்த எஞ்சின் என்றால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை ஆயில் மாற்றுங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்து, ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டு, கூலன்ட்டில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதன்பின் சில வாரங்களுக்குக் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், டெம்பரேச்சர் முள் ஏறும்வரை காத்திருக்காமல் வண்டியைத் திரும்பக் கொண்டுபோங்கள்.