கேஸ் தள்ளுபடி, ஆனால் விண்ணப்பத்தில் "இல்லை"

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. நியூ ஜெர்சிக்கு எம்.எஸ். படிக்க வந்த முதல் வருஷம், கடையில் செல்ஃப் செக்அவுட்டில் இரண்டு பொருளை ஸ்கேன் பண்ணாமல் பையில் போட்டுப் பிடிபட்டீர்கள். முனிசிபல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு வருஷம் ஒழுங்காக இருந்து, 'கண்டிஷனல் டிஸ்மிஸல்' முறையில் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது. லா ஸ்கூல் விண்ணப்பத்தில் அதைக் கேட்ட இடத்தில் "இல்லை" என்று டிக் அடித்தீர்கள். இப்போது இடம் கிடைத்துவிட்டது, தூக்கம் போய்விட்டது. ஊரில் அப்பா, "சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிறே?" என்கிறாராம்.

ஊதத்தான் வேண்டும், அதுவும் வகுப்பு தொடங்கும் முன்பே.

முதலில் அந்தக் கேள்வியை எடுத்து எழுத்தெண்ணிப் படியுங்கள். "தண்டனை பெற்றதுண்டா" என்று கேட்பது வேறு; "குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தள்ளுபடி ஆனாலும் எழுதுக" என்று கேட்பது வேறு. பெரும்பாலும் கேட்பது இரண்டாவதைத்தான். தள்ளுபடி என்றால் நடக்கவே இல்லை என்றுதான் நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மூன்று வருஷம் படித்து முடித்ததும் பார் விண்ணப்பம், அதாவது வக்கீல் உரிமத்துக்கான விண்ணப்பம் வரும். அதில் நடத்தையையும் தகுதியையும் பார்க்கிற 'கேரக்டர் அண்ட் ஃபிட்னெஸ்' என்று ஒரு பகுதி. அங்கே உண்மையை எழுதினால், லா ஸ்கூலுக்கு எழுதியதோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் வேறாக இருந்தால், திருடியது பின்னுக்குப் போய், மறைத்தது முன்னுக்கு வந்துவிடும். ஸ்டீபன் கிளாஸ் என்ற பத்திரிகையாளர் கட்டுரைகளை இட்டுக்கட்டி மாட்டியவர், பிறகு சட்டம் படித்தார். 2014-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கு உரிமம் மறுத்தது. முன்னதாக நியூயார்க் பாருக்கு விண்ணப்பித்தபோது தன் பொய்களை முழுமையாகச் சொல்லவில்லை என்பதும் அவருக்கு எதிராக நின்றது.

என் கதை சில்லறைக் கதை. வைகை எக்ஸ்பிரஸில் பெட்டி பெட்டியாக நடந்து பழகியவள் நான். நியூயார்க் சப்வேயில் ஓடுகிற ரயிலில் கதவைத் திறந்து அடுத்த பெட்டிக்குப் போனேன், அங்கே ஏசி நன்றாக இருக்குமே என்று. போலீஸ்காரர் 75 டாலருக்குச் சீட்டு கிழித்தார். கட்டினேன், மறந்தேன். லா ஸ்கூலில் முதல் வாரம் அறிமுகக் கூட்டத்தில், "விண்ணப்பத்தில் விட்டுப்போனது எதுவானாலும் இப்போதே சொல்லுங்கள்" என்று டீன் சொன்னபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. அன்று இரவே எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: ஃபைலில் சேர்த்துக்கொண்டோம்.

உங்களுடையது அப்படி லேசானதல்ல. திருட்டு என்ற சொல் ஒட்டிய கேஸ். இடம் போகவே போகாது என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆனால் இப்போது போனால் போவது ஓர் இடம். அப்புறம் தெரிந்தால் மூன்று வருஷமும், கடனும், தொழிலும் சேர்ந்து போகும்.

லா ஸ்கூலுக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும். தேதி, ஊர், என்ன எடுத்தீர்கள், கோர்ட் என்ன சொன்னது, விண்ணப்பத்தில் ஏன் விட்டீர்கள். "என் வக்கீல் சொல்ல வேண்டாம் என்றார்" என்று அவர் தலையில் கட்டாதீர்கள். டிக் அடித்தது உங்கள் கை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத கதையும் வேண்டாம். கோர்ட் கிளார்க்கிடம் தீர்ப்பு விவரத்தின் சான்றிட்ட நகல் வாங்கி இணையுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒன்று, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால், பின்னால் தள்ளுபடி ஆனாலும் இமிக்ரேஷன் சட்டம் அதைத் தண்டனையாகவே எண்ணக்கூடும். விசா படிவமும் கைதானதுண்டா என்று தனியாகக் கேட்கும். அதனால் அந்தக் கோர்ட் நகலோடு ஓர் இமிக்ரேஷன் வக்கீலிடம் காசு கொடுத்து அரை மணி நேரம் உட்காருங்கள். கடிதத்தின் வாசகத்தை அவரும் ஒருமுறை பார்க்கட்டும். அப்பாவிடம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.