உங்கள் மகள் மேடை நிர்வாகி ஆகலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "பி.காம். படிக்கும் பெண் திரை இழுக்கவும் நாற்காலி நகர்த்தவும் போவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி நாடக விழாவில் மூன்று நாள் மேடைக்குப் பின்னால் ஓடியாடிய உங்கள் மகள், இனி இதுதான் என் தொழில் என்கிறாள். நடிக்க ஆசைப்பட்டிருந்தால்கூட உங்களுக்குப் புரிந்திருக்கும். கைதட்டல் வந்து சேராத இடத்தில் நிற்க ஒரு பெண் ஏன் ஆசைப்படுகிறாள் என்பதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை.

அந்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு நாடகத்தின்போது பக்கத்திரை மறைவில் உட்கார அனுமதி கிடைத்தது. ஏழு மணி நாடகத்துக்கு மேடை நிர்வாகி மூன்று மணிக்கே வந்துவிட்டார். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. ஒரு மேஜைமீது பழுப்புத் தாள் விரித்து, கூஜா, மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, கடிதம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம் வரைந்து பெயர் எழுதியிருந்தார். எது இல்லையோ அதன் கட்டம் வெறுமையாகத் தெரியும். ஐந்தே முக்காலுக்கு அவர் சரிபார்த்தபோது கடிதத்தின் கட்டம் காலி. அவர் யாரையும் அதட்டவில்லை. உடைகள் தொங்கிய கம்பிக்கு நேராகப் போய் ஒரு ஜிப்பாவின் பைக்குள் கைவிட்டார். முந்தின நாள் நடிகர் அதைப் பையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்று இரவு இரண்டாம் காட்சியில் அந்தக் கடிதம் படிக்கப்பட்டபோது பார்வையாளர் முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது பக்கத்திரை இடுக்கு வழியாகத் தெரிந்தது.

அவர் கையை விட்டு அகலாத இன்னொரு பொருள் ஒரு தடித்த கோப்பு. ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் குறிப்புகள். எந்தச் சொல்லில் யார் எழுந்தார், எந்தப் பக்கம் நடந்தார், எந்த மூச்சில் விளக்கு மங்க வேண்டும், எல்லாம் அதில் உண்டு. முழுவதும் பென்சில் எழுத்து, ஏனென்றால் இயக்குநர் நாளைக்கு மாற்றுவார். விளக்கு, ஒலி, திரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண். காதில் மாட்டிய ஒலிவாங்கியில் "விளக்கு நாற்பத்தேழு, தயார்" என்பார். வசனத்தில் குறித்த சொல் வந்ததும் "கோ" (Go) என்று ஆங்கிலத்தில் ஒரே கட்டளை. அந்தக் கட்டளை வரும்வரை விளக்குப் பலகையில் விரல் அசையாது. அரை நொடி பிந்தினால் காட்சி கெட்டுவிடும்.

தொழில்முறை நாடக உலகில், நாடகம் முதல்முறை மேடையேறி முடிந்ததும் இயக்குநர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதன் பிறகு அந்த நாடகம் மேடை நிர்வாகியின் பொறுப்பு. ஐம்பதாவது காட்சியும் முதல் காட்சியைப் போலவே இருக்கிறதா என்று காப்பவர் அவர்தான். மேலே தொங்கும் விளக்கு ஆடுகிறது, நடிகருக்கு ஆபத்து என்று பட்டால் நடுவில் நாடகத்தை நிறுத்தச் சொல்வதும் அவர் கையில்தான் இருக்கிறது. இது திரை இழுக்கும் வேலை அல்ல என்று இப்போது ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஆர்.எஸ். மனோகரின் புராண நாடகங்களில் தந்திரக் காட்சிகளைப் பார்த்து வாய்பிளந்த தலைமுறை நம்முடையது. அந்த வியப்புக்குப் பின்னால் ஒரு கூட்டமே மணி பார்த்து வேலை செய்தது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

இனி படிப்பு. மேடை நிர்வாகத்துக்கென்றே தனிப் பட்டம் நம் நாட்டில் அரிது. பிரிட்டனில் கில்ட்ஹால் போன்ற நாடகப் பள்ளிகளில் இளங்கலையிலேயே அதைத் தனிப் பிரிவாகப் படிக்கலாம். அங்கே முறை மிகக் கறார். நடிகர்களுக்கு 'அரை மணி' என்று அறிவிப்பது, திரை உயர முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது. ஐந்து நிமிடத்துக்கு முன்பே முதலில் மேடையேற வேண்டியவர்கள் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் மட்டுமே 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். வீட்டை அடகு வைத்து அனுப்பும்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்தில் வழிகள் இருக்கின்றன. 1959-இல் தொடங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயம். பட்டப்படிப்பும் முன் மேடை அனுபவமும் கேட்பார்கள்; பயிற்சி மொழியில் இந்தி முக்கியம். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகக் கலை முதுகலை படிக்கலாம். திருச்சூர் நாடகப் பள்ளி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் நீநாசம் என்ற நாடக அமைப்பு நடத்தும் பயிற்சி கடுமையானது. கன்னடம் தெரிய வேண்டும் என்றாலும், அங்கே ஆணி அடிப்பது முதல் எல்லா வேலையும் மாணவர்கள் கையால்தான். இவற்றில் எதுவும் 'மேடை நிர்வாகி' என்று சான்றிதழ் தராது. நாடகத்தை முழுதாகக் கற்பிக்கும். அந்த முழுமைதான் இந்த வேலைக்கு அடித்தளம். உங்கள் மகளின் பி.காம். வீண் என்று நினைக்காதீர்கள். பட்ஜெட் போடவும் கணக்கு எழுதவும் தெரிந்த மேடை நிர்வாகிக்கு எந்தக் குழுவிலும் மதிப்பு அதிகம்.

வருமானத்தைப் பற்றி உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். சென்னையில் தமிழ் நாடகக் குழுவில் மேடை நிர்வாகம் மட்டும் பார்த்து ஒரு குடும்பம் நடத்த முடியாது. பல குழுக்களில் போக்குவரத்துச் செலவும் காட்சிக்கு ஒரு சிறு தொகையும்தான் கிடைக்கும். இந்தத் திறமையை வைத்துப் பிழைப்பவர்கள் நடனத் தயாரிப்புகள், கருத்தரங்குகள், நிறுவன விழாக்கள், நாடக விழாக்கள் என்று பரவலாக வேலை செய்கிறார்கள். பெரிய விழாக்களில் காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்தையும் அறிவிப்பவரும் இதே வேலையைத்தான் பார்க்கிறார். அங்கே ஊதியம் நாடகத்தைவிட நன்றாக இருக்கும். மும்பையிலும் பெங்களூரிலும் நிரந்தர அரங்குகள் ஆண்டு முழுக்க இயங்குகின்றன. பெங்களூர் ரங்க சங்கரா அரங்கில் தாமதமாக வருபவர்களை உள்ளே விடுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஓராண்டு இருந்தாலே ஒருவருக்கு நேரத்தின் அருமை உடம்பில் ஏறிவிடும். முதல் நான்கைந்து ஆண்டுகள் மாதச் சம்பளம் என்ற ஒன்று இருக்காது என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுங்கள்.

இரவு நேரம் பற்றி நீங்கள் எழுதியிருந்தது நியாயமான கவலை. நாடகம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சாமான்களை எண்ணிப் பெட்டியில் வைத்து, அன்றைய காட்சி எத்தனை நிமிடம் ஓடியது, எங்கே வசனம் பிசகியது என்று அறிக்கை எழுதிவிட்டுத்தான் மேடை நிர்வாகி கிளம்ப முடியும். பத்தரை, பதினொன்று ஆகும். எந்தக் குழுவில் சேர்வதாக இருந்தாலும், இரவில் வீடு கொண்டுவிட ஏற்பாடு உண்டா, பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறை உண்டா, புகார் சொல்ல யார் இருக்கிறார் என்று முதல் நாளே நேரில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்கு முகம் சுளிக்கும் குழு வேண்டாம்.

இப்போது என்ன செய்யலாம்? பட்டம் முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது என்றீர்கள். அதை நிறுத்த வேண்டாம். அந்த ஓராண்டில் வார இறுதிகளில் ஏதாவது ஒரு நாடகக் குழுவில், ஒரே ஒரு நாடகத்துக்கு, முதல் ஒத்திகையிலிருந்து கடைசிக் காட்சிவரை உதவி மேடை நிர்வாகியாக இருக்கட்டும். விழாவின் மூன்று நாள் உற்சாகம் யாருக்கும் வரும். நாற்பதாவது ஒத்திகையில், அதே வசனத்தை அதே இடத்தில் அதே நடிகர் மறக்கும்போது, எரிச்சல் இல்லாமல் எடுத்துக் கொடுக்க முடிகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். நடிகர்களும் தச்சர்களும் மின்பணியாளர்களும் அவளிடம் வந்து நின்றால், குரல் உயராமல் பதில் சொல்கிறாளா என்று அந்தக் குழுவின் மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். என் அனுபவத்தில் நாடகத்தின்மீது காதல் இருப்பவர்கள் ஏராளம். இந்த நிதானம் உள்ளவர்கள் குறைவு.

நாடகம் முடிந்ததும் இருவரும் வாருங்கள். வரும்போது அவள் எழுதிய ஒத்திகை நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அதைத்தான் நான் பார்ப்பேன்.