ஆங்கிலத்தில் ரைம் ஆகும் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி? – கேள்வி பதில்

'ரைமிங் வேர்ட்ஸ் எழுதி வா' என்பது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் வரும் வீட்டுப்பாடம். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஆங்கிலப் பாட்டு எழுத முனையும் ஆசிரியர்களுக்கும் இதே சிக்கல் வருகிறது. சேலம் நகரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, குழப்பம் வரக்கூடிய இடங்களில் பொருளையும் சேர்த்திருக்கிறேன்.

ஓமலூரிலிருந்து ஒரு தாய்: ஐயா, மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 'லவ்' என்பதற்கு ரைமாக 'மூவ்' என்று எழுதினாள். ஆசிரியை தவறு என்று அடித்துவிட்டார். இரண்டும் ஓ-வி-ஈ என்றுதானே முடிகின்றன?

ஆசிரியை செய்தது சரிதான் அம்மா. ரைம் என்பது காதுக்கு உரியது. எழுத்துக்கூட்டல் அதற்குச் சான்றாகாது. ஒரு சொல்லில் கடைசியாக அழுத்தம் பெறும் உயிரொலியிலிருந்து சொல் முடியும் வரை ஒலி ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிரொலிக்கு முன்னால் நிற்கும் மெய்யொலி மட்டும் வேறாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலின்படி 'லவ்' என்பதோடு புறாவைக் குறிக்கும் 'டவ்', கையுறையைக் குறிக்கும் 'க்ளவ்', மேலே என்று பொருள்படும் 'அபவ்' ஆகியவை சேரும். 'மூவ்' என்பதோடு 'ப்ரூவ்', 'இம்ப்ரூவ்' ஆகியவை சேரும்.

இதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு ஓ-யூ-ஜி-எச் என்று முடியும் சொற்கள். 'வழியாக' என்னும் பொருளுடைய 'த்ரூ', 'ப்ளூ', 'ஷூ', 'டூ' ஆகியவற்றோடு சேரும். 'இருந்தாலும்' என்னும் பொருளுடைய 'தோ', 'கோ', 'ஸ்நோ' ஆகியவற்றோடு சேரும். இருமலாகிய 'காஃப்' என்பதற்கு 'ஆஃப்' இணை. சொரசொரப்பாகிய 'ரஃப்' என்பதற்கு 'ஸ்டஃப்' இணை. மரக்கிளையைக் குறிக்கும் 'பௌ' என்பதற்குப் பசுவாகிய 'கௌ', இப்போது என்னும் பொருளுடைய 'நௌ' இணை. கடைசி நான்கு எழுத்துகளும் ஒன்றாகவே இருந்தாலும் இந்த ஐந்து சொற்களில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று ரைம் ஆவதில்லை.

இந்த நிலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது. ஆனால் ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில் ஆங்கில உயிரொலிகள் பெருமளவில் இடம் மாறிக்கொண்டிருந்தன. ஷேக்ஸ்பியரின் 116-ஆம் சானெட் (பதினான்கு அடிக் கவிதை) 'ப்ரூவ்டு', 'லவ்டு' என்னும் சொற்களில் முடிகிறது. அக்கால உச்சரிப்பில் அவை ரைம் ஆகியிருக்கும் என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். இன்று அவற்றைக் கண்ணுக்கு மட்டும் ஒத்த ரைம் என்றே வகைப்படுத்துகிறார்கள். ஆகவே உங்கள் மகள் எழுதியதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லிவிட்டே சரியான விடையைக் கற்றுக்கொடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை: கைப்பேசியைப் பார்க்காமல் பிள்ளைகளே சொற்களைக் கண்டுபிடிக்க ஒரு முறை வேண்டும்.

முறை எளியது, ஒழுங்காகச் செய்தால் எந்தச் செயலிக்கும் குறையாத பட்டியல் கிடைக்கும். எடுத்துக்கொண்ட சொல்லின் தலையை நீக்கிவிட்டு வாலை மட்டும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 'லைட்' என்றால் வால் 'ஐட்'. அதன் முன்னால் ஆங்கிலத்தின் தனி மெய்யொலிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கட்டும்: கடிப்பதாகிய 'பைட்', 'டைட்', பட்டமாகிய 'கைட்', 'ஃபைட்', உயரமாகிய 'ஹைட்', 'நைட்', 'ரைட்', வெண்மையாகிய 'வைட்'. இந்தச் சுற்று முடிந்ததும் இரட்டை மெய்களை வைக்க வேண்டும்: 'ப்ரைட்', 'ஃப்ளைட்', 'ஃப்ரைட்', 'ஸ்லைட்', 'க்வைட்'. பெரும்பாலோர் முதல் சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நல்ல சொற்கள் இரண்டாம் சுற்றில்தான் கிடைக்கின்றன. மூன்றாம் சுற்று, முன்னால் ஓர் அசை கூடிய சொற்கள்: 'இன்வைட்', 'யுனைட்', 'எக்ஸைட்', 'டுநைட்'.

பட்டியல் நிறைந்த பிறகுதான் எழுத்துக்கூட்டலைப் பார்க்க வேண்டும். 'கைட்' ஐ-டி-ஈ என்றும், 'லைட்' ஐ-ஜி-எச்-டி என்றும், 'ஹைட்' ஈ-ஐ-ஜி-எச்-டி என்றும் முடிவதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். எடையைக் குறிக்கும் 'வெயிட்' என்பதும் ஈ-ஐ-ஜி-எச்-டி என்றே முடிகிறது; ஆனால் அது 'லேட்', 'கேட்', 'க்ரேட்', எட்டாகிய 'எயிட்' ஆகியவற்றின் கூட்டத்தில்தான் சேரும். 'ஹைட்', 'வெயிட்' இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி உரக்கப் படிக்கச் செய்தால், ஒரு வகுப்பு நேரம் விளக்கிச் சொல்வதைவிடப் பயன் கிடைக்கும்.

இன்னொரு வளமான இடம் பன்மைச் சொற்களும் இறந்தகாலச் சொற்களும். 'பாக்ஸ்' என்பதற்கு 'ஃபாக்ஸ்' மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பாறைகளாகிய 'ராக்ஸ்', 'சாக்ஸ்', 'க்ளாக்ஸ்' ஆகியவையும் ரைம் என்பது தோன்றுவதில்லை. ஏற்காட்டு மூடுபனியைப் பற்றி எழுதும்போது 'மிஸ்ட்' என்பதற்கு 'லிஸ்ட்', 'ட்விஸ்ட்', மணிக்கட்டாகிய 'ரிஸ்ட்' ஆகியவற்றோடு, முத்தமிட்டதைச் சொல்லும் 'கிஸ்ட்' என்னும் இறந்தகால வினையும் பொருந்தும். ஆனால் தவறவிட்டதைக் குறிக்கும் 'மிஸ்ட்' பொருந்தாது. அதன் தலையொலியும் ஒன்றாகவே இருப்பதால் அது அதே ஒலியைத் திரும்பச் சொல்வதாகிவிடுகிறது. பிரெஞ்சுக் கவிதை இதனை விரும்பி ஏற்றது, ஆங்கிலக் கவிதை பொதுவாக ஏற்பதில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தந்தை: என் மகன் 'ரைஸ்' என்பதற்கு 'ஐஸ்' என்று எழுதினால் சரி என்கிறார்கள், 'வைஸ்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கின்றன.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் அனைவரும் கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. சோறாகிய 'ரைஸ்' என்பதன் கடைசி ஒலி வெறும் காற்று. அறிவுள்ளவரைக் குறிக்கும் 'வைஸ்' என்பதன் கடைசி ஒலியில் தொண்டை அதிர்கிறது. குரல்வளையின் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, கடைசி ஒலியை மட்டும் நீட்டிச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் விரலுக்கு ஒன்றும் தெரியாது, இரண்டாவதில் வண்டு முரல்வதுபோல் அதிர்வு தெரியும். எழுவதாகிய இன்னொரு 'ரைஸ்', கண்களாகிய 'ஐஸ்', பரிசாகிய 'ப்ரைஸ்' ஆகியவை அதிரும் கூட்டம். பனிக்கட்டியாகிய 'ஐஸ்', விலையாகிய 'ப்ரைஸ்', எலிகளாகிய 'மைஸ்' ஆகியவை அதிராத கூட்டம். அதிரும் ஒலிக்கு முன்னால் உயிரொலி சற்று நீண்டு ஒலிக்கும் என்பதும் ஒரு துணை அடையாளம்.

தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடுவதால், பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்து ரைம் தேடும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். தொப்பியும் 'கேப்', வாடகை வண்டியும் 'கேப்' என்றே எழுதுகிறோம். ஆனால் தொப்பிக்கு இணை வரைபடமாகிய 'மேப்'. வண்டிக்கு இணை ஆய்வுக்கூடமாகிய 'லேப்'. முதுகாகிய 'பேக்', பையாகிய 'பேக்' என்பனவும் அப்படியே. நம் மொழியில் வல்லினம் சொல்லின் நடுவில் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தானாகவே மெலிந்து ஒலிக்கிறது. வல்லின மெய் சொல்லின் இறுதியில் வருவதும் இல்லை. ஆகவே அந்த வேறுபாட்டைச் சொல்லின் கடைசியில் தேடும் பழக்கம் நம் காதுக்கு இல்லை. பயிற்சியால் அது நிச்சயமாக வரும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்ட மேலாளர்: எங்கள் தோட்டத்தைப் பற்றி விருந்தினருக்காக ஆங்கிலத்தில் நான்கு அடிகள் எழுதுகிறேன். 'ஆரஞ்சு' என்பதற்கு ரைம் கிடைக்கவே இல்லையே?

நீங்கள் தேடியதில் குறை இல்லை. வழக்கில் உள்ள ஆங்கிலச் சொற்களில் 'ஆரஞ்சு' என்பதற்கு முழு ரைம் கிடையாது. வேல்ஸ் நாட்டில் அபெர்கவென்னி ஊருக்கு அருகில் 'ப்ளாரஞ்ச்' என்றொரு மலை இருக்கிறது. அந்தப் பெயர் பொருந்தும் என்றாலும் ஏற்காட்டைப் பாடும் பாட்டில் அதைக் கொண்டுவர இயலாது. உங்கள் காபிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் முதல் சொல்லுக்கும் இதே கதிதான். பெண் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'ச்சில்வர்' என்றொரு வட்டாரச் சொல், ஆங்கிலத்தில் சி-எச் என்று தொடங்குவது, பெரிய அகராதிகளில் இருக்கிறது. கேட்பவர் யாருக்கும் அது புரியாது. மாதமாகிய 'மந்த்' என்பதும் இந்த வரிசையில் சேர்ந்ததே.

இத்தகைய சொல்லோடு போராடுவதைவிட அதை அடியின் இறுதியிலிருந்து உள்ளே தள்ளிவிடுவதே நல்லது. 'ஆரஞ்சு ட்ரீ' என்று அடியை முடித்தால் 'பீ', 'ஃப்ரீ', 'சீ', 'கீ' என்று எத்தனையோ சொற்கள் காத்திருக்கின்றன. அதே தோட்டத்துத் தேனீயையே அடுத்த அடியில் கொண்டுவரலாம். 'சில்வர்' என்பதற்குப் பின்னால் 'ஓக்' நிற்பதால் 'ஸ்மோக்', 'க்ளோக்', 'வோக்' எல்லாம் வந்துவிடும். 'காபி' என்பதற்கு 'டாஃபி' உண்டு. அது ஏறக்குறைய ஒற்றை வாரிசு, பார்த்துப் பயன்படுத்துங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சேலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ராப் எழுதுகிறேன். ஊர்ப் பெயருக்கும் மாம்பழம், ஜவ்வரிசி, ஸ்டீல் ஆகியவற்றுக்கும் ரைம் வேண்டும்.

'ஸ்டீல்' மிக வளமானது: 'வீல்', 'ஃபீல்', 'டீல்', 'மீல்', 'ரியல்' வரை நீட்டலாம். 'மேங்கோ' என்பதற்கு 'டேங்கோ' என்னும் நடனமும் 'ஃபேண்டேங்கோ' என்னும் நடனமும் பொருந்தும். ஜவ்வரிசியாகிய 'சேகோ' என்பதற்கு இடுப்பு வலியைக் குறிக்கும் 'லம்பேகோ' என்னும் மருத்துவச் சொல்லும், கலிஃபோர்னியாவின் 'சான் டியேகோ' நகரமும் இருக்கின்றன. ராப்பில் ஊர்ப் பெயர்கள் நன்றாக உட்காரும்.

'சேலம்' என்பதற்குத் தனிச் சொல் தேடாமல் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். 'தெம்' என்பதைச் சுருக்கி 'மெயில் எம்', 'நெயில் எம்' என்று வேகமாகச் சொன்னால் அப்படியே பொருந்துகிறது. ஆங்கில யாப்பில் இதற்கு மொசைக் ரைம் என்று பெயர். ராப்பில் உயிரொலி மட்டும் ஒத்தாலே போதும் என்பதால் 'ஃபேமஸ்', 'டேஞ்சர்' போன்றவையும் கைகொடுக்கும். அரைகுறை ரைமைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் அதைத் துணிந்து பயன்படுத்தினார். ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரட் ஓவன் மெய்யொலிகளை அப்படியே வைத்து உயிரொலியை மட்டும் மாற்றி, முதல் உலகப் போரின் கொடுமையைப் பாடினார்.

ஆத்தூரிலிருந்து ஓர் ஆசிரியர்: 'எஜுகேஷன்', 'பொல்யூஷன்' இரண்டும் ரைம் என்று பாடப் பயிற்சியில் எழுதலாமா?

எழுதக்கூடாது. அழுத்தம் முதலாவதில் 'கே' மீதும், இரண்டாவதில் 'லூ' மீதும் விழுகிறது. அங்கிருந்து எண்ணினால் உயிரொலிகள் வேறுபடுகின்றன. 'எஜுகேஷன்' என்பதற்கு 'நேஷன்', 'ஸ்டேஷன்', 'க்ரியேஷன்'. 'பொல்யூஷன்' என்பதற்கு 'கான்ஸ்டிட்யூஷன்'. 'மோஷன்' என்பதற்குப் பெருங்கடலாகிய 'ஓஷன்'. 'ஈவ்னிங்', 'ரிங்' இரண்டும் ரைம் ஆகாததற்கும் இதுவே காரணம்: 'ஈவ்னிங்' என்பதில் அழுத்தம் முதல் அசையிலேயே முடிந்துவிடுகிறது.

ஆத்தூரிலிருந்தே ஒரு மரபுக் கவிஞர்: இது நம் எதுகைதானே?

இடம் வேறு, ஐயா. முதல் குறளில் 'அகர', 'பகவன்' என்று சீரின் இரண்டாம் எழுத்தில் நிற்பது எதுகை. ஆங்கில ரைம் அடியின் கடைசியில் நிற்பதால் இயைபுக்கே நெருக்கமானது. எனினும் முதல் எழுத்து மாறி அடுத்தது ஒத்து நிற்பதைக் கேட்டுப் பழகிய காது உங்களுக்கு இருப்பதால், ஆங்கில ரைமும் விரைவில் வசப்படும். பழைய ஆங்கிலக் கவிதை நம் மோனையைப் போலத் தலையொலி ஒப்புமையில்தான் இயங்கியது. நார்மானியர் வருகைக்குப் பின் பிரெஞ்சுச் செல்வாக்கால்தான் இறுதி ரைம் அங்கே வேரூன்றியது.

சேலம் நகரிலிருந்து ஒரு நூலகப் பணியாளர்: ரைம் அகராதிகளையும் இணையப் பட்டியல்களையும் எந்த அளவுக்கு நம்பலாம்?

எந்த அடிப்படையில் தொகுக்கப்பட்டது என்பதைப் பார்த்து நம்பலாம். ஜான் வாக்கர் 1775-இல் வெளியிட்ட அகராதி சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தியது. அத்தகைய நூலில் 'லவ்', 'மூவ்' இரண்டும் அருகருகே நிற்கும் என்பதால் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே எடுக்க வேண்டும். கணினிக் கருவிகளுக்குப் பரவலாக அடிப்படையாக இருப்பது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி. 1,34,000-க்கும் மேற்பட்ட சொற்களை ஒலிக்குறிகளாலும் அழுத்த எண்களாலும் அது தருகிறது. அதன் உச்சரிப்பு வட அமெரிக்காவுக்கு உரியது. அதனால் தந்தையாகிய 'ஃபாதர்', தொந்தரவாகிய 'பாதர்' இரண்டும் அதில் இணையாகும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஆகா. பிரிட்டிஷ் பட்டியலோ 'சாஸ்', மூலமாகிய 'சோர்ஸ்' இரண்டையும் ஒரே ஒலியாகக் கொள்ளும்; 'ர்' ஒலியைத் தெளிவாகச் சொல்லும் நம் வகுப்பறையில் அவை பொருந்தா. பட்டியலில் இருக்கும் இணை உங்கள் பிள்ளைகளின் வாயிலும் ஒத்து ஒலிக்கிறதா என்று கேட்டுவிட்டு வினாத்தாளில் சேருங்கள்.