விளக்கு பழுதா, வாக்கு பழுதா?

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் நாலடி மீன்தொட்டியில் மூன்று வருடமாகச் செடி வளர்க்கிறேன். ஏப்ரலில் கொளத்தூர் கடை ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் தொட்டியின் அளவையும் படத்தையும் அனுப்பி, ‘ஏசி இல்லாத அறை, செடிக்கு எந்த லைட் போடலாம்?’ என்று கேட்டேன். ‘இந்த 150 வாட் எல்.இ.டி.யை எடுங்க சார், சூடே ஆகாது, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டாம்’ என்று கடைக்காரர் குரல் பதிவு அனுப்பினார். ரூ.28,000 கொடுத்து வாங்கி, பார்வைக்கு அழகாக இருக்கத் தேக்கு மூடி செய்து அதற்குள் பொருத்தினேன். மே மாதம் தண்ணீர் 33 டிகிரியைத் தொட்டது. செடிகள் கரைந்தன, இறால்கள் மொத்தமும் செத்தன. கேட்கப் போனால் கடையில் எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார். விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் ரூ.20,000 தருவாராம். மகள் ஒரு வாரம் சாப்பிடவில்லை. விளக்கின் விலை, செடி, மாதம் ரூ.6,000-க்கு விற்றுவந்த இறாலின் ஒரு வருட வருமானம், மன உளைச்சலுக்கு 2 லட்சம் என மொத்தம் ரூ.3.5 லட்சம் கேட்டு நோட்டீஸ் தயாரித்திருக்கிறேன். ஜெயிக்குமா?

பதில்: கடையில் கேலி செய்ததையும் மகள் அழுததையும் நோட்டீஸில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். உங்கள் வழக்கு அந்த வாட்ஸ்அப் உரையாடலில்தான் இருக்கிறது.

1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16(1): எதற்காக வாங்குகிறேன் என்று வியாபாரியிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். யூடியூபில் பார்த்துவிட்டு மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. நீங்கள் தேவையைச் சொன்னீர்கள், அவர் பொருளைச் சொன்னார். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வியாபாரி சொன்ன தரத்துக்குப் பொருள் குறைந்தால் அதைக் குறைபாடு என்றே சொல்கிறது. அந்தக் குரல் பதிவு போனில் இருக்கட்டும். போனை மாற்றாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள்.

இனி நீங்களே வெட்டி வைத்திருக்கும் குழிகளுக்கு வருகிறேன்.

நோட்டீஸில் ‘பழுதான விளக்கு’ என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. பழுது என்று புகாரில் எழுதினால், நுகர்வோர் ஆணையம் விளக்கை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆய்வகம் என்ன சொல்லும்? 150 வாட் என்று போட்டிருக்கிறது, 150 வாட் எடுக்கிறது, வெளிச்சம் சரி, மின்காப்பு சரி, பழுதில்லை. அதோடு முடிந்தது. உங்கள் விளக்கு நல்ல விளக்குதான் ஐயா. உங்கள் அறைக்குப் பொருந்தாத விளக்கு. பழுதானது விளக்கு இல்லை, கடைக்காரர் கொடுத்த வாக்கு. புகாரை அப்படி எழுதினால்தான் நிற்கும்.

அப்படி எழுதினாலும் ஒரு கணக்கு எதிரே வரும். எதிர்த்தரப்பு வக்கீல் மீன் வளர்த்திருக்க வேண்டாம், பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தால் போதும். 150 வாட் எட்டு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். மண், கல் போக உங்கள் தொட்டியில் சுமார் 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். அத்தனை வெப்பமும் துளிகூட வெளியே போகாமல் தண்ணீரில் இறங்கினாலே ஐந்து டிகிரிதான் ஏறும். நிஜத்தில் அதில் ஒரு பங்குதான் இறங்கும். ‘மே மாதம், ஏசி இல்லாத அறை, விளக்கே இல்லாவிட்டாலும் தண்ணீர் 31, 32 இருந்திருக்குமே?’ என்று கேட்பார். விளக்கு மாட்டுவதற்கு முன் குறித்த வெப்ப அளவு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் காணோம்.

அடுத்தது தேக்கு மூடி. எல்.இ.டி.யின் சூடு பெரும்பாலும் முதுகுப் பக்கமுள்ள அலுமினியத் தகடு வழியாகத்தான் வெளியேறும். அதனால்தான் இந்த மாதிரி விளக்கைத் தொட்டிக்கு மேலே திறந்தவெளியில் தொங்கவிடுகிறார்கள். நீங்கள் அதைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டீர்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (பொருளால் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) நிற்காது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 87. மூடியைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? தச்சர் வேலை முடித்த அன்றே அதைப் படமெடுத்து அதே கடைக்காரருக்குப் பெருமையாக அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் இறால் வருமானம் உங்களைக் கவிழ்க்கும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, இறால் பிழைப்பு என்று சொல்ல முடியாது. ஆக, பொழுதுபோக்கு என்றால் ரூ.72,000 கேட்க முடியாது. வியாபாரம் என்றால் ஆணையத்தின் படியே ஏற முடியாது. என் கட்சிக்காரர் ஒருவர் பவளத்தொட்டி வைத்திருந்தார். மெட்டல் ஹாலைடு விளக்கு தொடர்பாகப் புகார். அவருக்கும் சம்பள வேலைதான். அவர் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த விலைப்பட்டியலை எதிர்த்தரப்பு அச்செடுத்துச் சான்றாவணமாகக் கொடுத்தது. அதன் பிறகு விளக்கைப் பற்றி யாரும் பேசவே இல்லை. இரண்டு வருடம் நடந்தார், பூஜ்யம்.

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பலரும் போட்டுத்தான் பார்ப்போமே என்று வருகிறார்கள். புகாரை முடிக்கச் சட்டப்படி மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று கணக்கு. நடைமுறை உங்களுக்கே தெரியும். லீவு போடுவது நீங்கள்.

அதனால் நேராகச் சொல்கிறேன், பேசி முடியுங்கள். 20,000 என்று அவரே வாய் திறந்திருக்கிறார் என்றால் குரல் பதிவை நினைத்துப் பயப்படுகிறார் என்றுதான் அர்த்தம். முழு விலை 28,000, செடிக்கு ஒரு 12,000 சேர்த்து 40,000 கேளுங்கள். 32-க்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பொருளாகத் தருகிறேன் என்பார், வேண்டாம். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் விளக்கு கைமாற வேண்டும். ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று ஒரு தாளை நீட்டுவார். தொகை சரியாக இருந்தால் கையெழுத்துப் போடலாம், அப்புறம் இறாலுக்கென்று திரும்பப் போக முடியாது.

பேச்சு முறிந்தால் நோட்டீஸைப் புதிதாக எழுத வேண்டும்: இரண்டே பக்கம், விளக்கின் விலை, செடியின் விலை, நியாயமான ஒரு சிறு இழப்பீடு. அதுவரை விளக்கை அப்படியே எடுத்துப் பெட்டியில் வையுங்கள், திருகாணியைக்கூடக் கழற்றாதீர்கள். தேக்கு மூடியும் வீட்டிலேயே இருக்கட்டும். இப்போது அதை உடைத்துப் போட்டால், மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பேரும் சேர்ந்துவிடும்.