வாக்குத்தத்த அட்டையில் வந்தது நடக்கவில்லையே, ஐயா?

சபைப் போதகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சோர்வைப் பற்றியும் விசுவாசத்தைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றை முதலில் தந்து, அதன் கீழே என் பதிலை எழுதுகிறேன்.

புத்தாண்டு இரவு ஆராதனையில், வரும் ஆண்டுக்கான வாக்குத்தத்தமாக வேத வசனம் ஒன்று எழுதிய அட்டையை எடுப்போம். எனக்கு எரேமியா 29:11 வந்தது. 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று இருந்தது. மார்ச் மாதம் வேலை போய்விட்டது. ஏமாந்த மாதிரி இருக்கிறது.

ஐயா, தவறு உங்களுடையதல்ல. இந்த வசனத்தை அட்டையில் தனியாக வெட்டி ஒட்டிய எங்களைப் போன்றவர்களுடையது. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தைய வசனத்தையும் வாசியுங்கள்: 70 வருஷம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே செத்துப்போவார்கள் என்றுதானே அதற்குப் பொருள்!

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அவன் பேச்சு காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! அவன் சொன்னது பொய். எரேமியா சொன்னதோ, அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள் என்பது. ஆகவே அந்த வசனம் உங்கள் வேலைக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவாதம் அல்ல. வேலை போன இடத்திலும் கர்த்தர் உங்களைக் கைவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. விண்ணப்பம் போடுவதை நிறுத்தாதீர்கள். வீட்டு நிலைமையைச் சபையில் ஒருவரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள்.

என் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் அழுகிறேன். 'விசுவாசிகள் இப்படி அழக் கூடாது' என்கிறார்கள்.

அம்மா, சொல்பவர்களிடம் யோவான் 11ஐத் திறந்து காட்டுங்கள். இறந்துபோன லாசருவை இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிற இயேசு, அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். எழுப்பப்போவது தெரிந்தும் அழுதார். உங்களுக்கு யார் தடை போடுவது?

வேதத்தின் ஜெபப் பாட்டுகளான 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பவில்லை. சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கீதக்காரன் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. இரவும் பகலும் கர்த்தரிடம்தான் கத்துகிறான். (அடக்க ஆராதனையில் நானும் இளவயதில் 'அழாதீர்கள்' என்று பிரசங்கித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

கல்லூரி மாணவன். இரண்டு வருடமாகத் தேர்வுகளில் தோல்வி. காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது. இது பாவமா?

தம்பி, பாவமா என்ற கேள்வியை ஓரமாக வை. எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவன். அடுத்து யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டான். தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா தின்றான், குடித்தான், மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாவது முறையும் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சுவார்த்தை எல்லாம் ஓரேப் மலையில், 40 நாள் கழித்துத்தான். 'நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்' என்றவனுக்கு, அவனைப் போலவே கர்த்தரை விடாத 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கும் அங்கேதான் கிடைத்தது.

நீ இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல். 14416 என்ற எண்ணுக்குப் பேசு. அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள். மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த அடையும் தண்ணீரும் கர்த்தர் அனுப்பியவைதான்.

நான் கத்தோலிக்கன். எங்கள் விவிலியத்தில் 'எதிர்நோக்கு' என்று இருக்கிறது, உங்களுடையதில் 'நம்பிக்கை'. எது சரி?

நல்ல கேள்வி. 1 கொரிந்தியர் 13இன் கடைசி வசனம் எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. உங்கள் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒரே 'நம்பிக்கை' இரண்டு வீட்டில் இரண்டு வேலை பார்க்கிறது. எனக்கு உங்கள் சொல்தான் பிடித்திருக்கிறது. நம்பிக்கை என்றால் நம் ஆட்கள் உடனே 'தன்னம்பிக்கை' பக்கம் போய்விடுகிறார்கள். எதிர்நோக்கு என்றால் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. வருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. ஊழியம் செய்துகொண்டிருந்தவன். இனி நான் எதற்கு?

ஐயா, டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறிவீர்கள். 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு 'அம்மா' ஆனவர். 1931இல் விழுந்து அடிபட்டார். அதன் பிறகு 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய படுக்கையறைதான் அவர் உலகம். அங்கிருந்தே எழுதினார். வலி இல்லாதவர் போல நடிக்கவும் இல்லை. தமக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்றார். அந்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது.

உங்களையும் எழுதச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களைப் பார்க்க வருகிறவர்களின் பாடுகளைக் கேளுங்கள். காது நன்றாகத்தானே கேட்கிறது?

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. எங்கே தொடங்குவது?

13ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் தாவீது நான்கு முறை 'இன்னும் எவ்வளவு காலம்' என்று கேட்டுவிடுகிறான். சத்தமாக வாசியுங்கள். ஐந்தாம், ஆறாம் வசனங்கள் வாயில் வராவிட்டால் இரண்டாம் வசனத்தோடு மூடிவைத்துவிடுங்கள். நாளைக்கும் அதே பக்கம்தான்.